கேப்டன் கால்டுவெல் "வேண்டாம்" என்று சொன்ன வேலை

1808-ஆம் ஆண்டு ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ராணுவ எஞ்சினியர் கம்பம் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் உள்ள மலைக்கு ஏறிப் போனார். (இவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் அல்ல. அந்தக் கால்டுவெல் பிறந்ததே 1814-ல்தான்.) மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகையில் விட முடியுமா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். போனார், அளந்தார், திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார். இது வெறும் கற்பனை, இனிமேல் இதைப் பற்றி யோசிப்பதே வீண் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

சரியாக 87 வருடம் கழித்து, 1895 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அந்தத் "கற்பனை"யைத் திறந்து வைத்தார். இன்று கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் பச்சை வயல்கள் எல்லாம் அந்தத் தண்ணீரில் விளைபவை. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல்.

இந்தக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக கால்டுவெல்லை ஒரு மூடராகவும், பென்னிகுவிக்கை ஒரு தெய்வமாகவும் காட்டுவார்கள். அது அவ்வளவு சுலபமான கதை இல்லை. ஒரு வேலை நம் காலத்தையும் பணத்தையும் கொட்டத் தகுந்ததா இல்லையா என்பதை மனிதர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு ஏன் மாறுகிறது என்பதற்கு தமிழ்நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ஊர் அமைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் தேனி, மதுரை, ராமநாதபுரம் எல்லாம் மழை மறைவுப் பகுதி. பெரியாறு சிவகிரி மலைப்பக்கம் பிறந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் வடக்கே வந்து, பிறகு மேற்கே திரும்பிவிடுகிறது. அது திரும்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு மலை முகட்டுக்கு இந்தப் புறத்தில், தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே உள்ளவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வைகையோ மழை பெய்தால் வெள்ளம், இல்லாவிட்டால் மணல். கடல் வரை போய்ச் சேருவதே அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் கதை முடிந்துவிடும்.

அந்தக் கண்மாய்ப் பக்கத்திலிருந்துதான் இந்த யோசனை முதலில் வந்தது. ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-ல் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். அது கோழைத்தனம் இல்லை. ஒரு சிறிய சமஸ்தானத்தின் கஜானா எவ்வளவு தாங்கும் என்பது அதன் பிரதானிக்குத் தெரியாதா? சில வருடத்தில், 1795-ல், கும்பினியார் சேதுபதியையே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒருவேளை வேலையைத் தொடங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

இப்போது கால்டுவெல்லுக்கு வருவோம். அவர் முகட்டை வெட்டித் தண்ணீரைக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார். ஆற்று மட்டத்திலிருந்து தண்ணீர் தானாக இந்தப் பக்கம் இறங்க வேண்டுமானால் 100 அடி ஆழத்துக்கு மலையைத் தோண்ட வேண்டும் என்று கணக்கு வந்தது. 1808-ல் பாறையை உடைக்க என்ன இருந்தது? உளி, சம்மட்டி, கருமருந்து, அவ்வளவுதான். டைனமைட் வந்தது 1867-ல். கட்டுமானப் பொருளை ஏற்றிவர ரயில் கிடையாது. மலைக்கு ரோடு கிடையாது. காட்டில் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்பதே 1897 வரை உலகத்தில் யாருக்கும் நிரூபணமாகத் தெரியாது. ஆக, அவர் காலத்தில் நின்று பார்த்தால் கால்டுவெல் சொன்னது சரிதான். அந்த வேலை அன்றைக்குத் தகுதியில்லாத வேலை.

அவர் தப்பு செய்த இடம் வேறு. "இப்போது வேண்டாம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "எப்போதும் வேண்டாம்" என்று எழுதினார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அரசாங்க ஃபைலில் "எப்போதும்" என்று விழுந்துவிட்டால் அதைத் திரும்பத் திறக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். அப்படித்தான் ஆயிற்று.

1850-ல் பெரியாற்றில் அணை போட முதல் முயற்சி நடந்தது. வேலைக்கு வந்த கூலியாட்கள் இந்த நோய்க்காட்டில் இருக்க வேண்டுமானால் கூலி கூட வேண்டும் என்று கேட்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது. பிறகு 1862-ல் ரைவ்ஸ் என்ற எஞ்சினியர் ஆய்வைத் தொடங்கி, 1867-ல் 62 அடி உயரத்தில் மண் அணை கட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். அது சென்னை அரசாங்கத்தில் வருடக்கணக்கில் விவாதத்திலேயே கிடந்தது.

ஏன் இவ்வளவு இழுவை? அதைப் புரிந்துகொள்ள அன்றைய அரசாங்கம் எப்படிக் கணக்குப் போட்டது என்று தெரிய வேண்டும். இது கொஞ்சம் வறட்சியான விஷயம்தான், ஆனால் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசாங்கம் பெரிய பாசன வேலைகளைக் கடன் வாங்கிச் செய்தது. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. எந்த வேலை முடிந்தபின் தண்ணீர்த் தீர்வையாக அந்த வட்டியையாவது திருப்பிக் கொடுக்குமோ அதற்குப் பெயர் "உற்பத்தி தரும் வேலை". கொடுக்காது என்று தெரிந்தால் எவ்வளவு நல்ல வேலையானாலும் காத்திருக்க வேண்டியதுதான். இதில் அவர்கள் கண் முன்னால் இரண்டு உதாரணம் இருந்தது. இரண்டுமே ஆர்தர் காட்டன் என்ற ஒரே ஆளோடு சம்பந்தப்பட்டவை.

காட்டன் 1836-ல் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டியவர். 1852-ல் முடிந்த கோதாவரி தவளேஸ்வரம் அணையும் அவருடையது. தஞ்சாவூரும் செழித்தது, கோதாவரி டெல்டாவும் செழித்தது, அரசாங்கத்துக்கும் லாபம். இதே காட்டனின் யோசனையில் துங்கபத்திரையிலிருந்து கர்னூல் - கடப்பா கால்வாய் வெட்ட லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. பத்து லட்சம் பவுண்டு மூலதனம், அதற்கு 5 சதவீதம் வட்டி அரசாங்க உத்தரவாதம். கால்வாய் வெட்டியாயிற்று, தண்ணீரும் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் கரிசல் மண். சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைகிற பூமி. சாதாரண வருடத்தில் விவசாயிகள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க முன்வரவில்லை. கம்பெனி கடைசி வரை தேறவில்லை, 1882-ல் அரசாங்கமே அதை வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது.

பெரியாற்றுத் திட்டத்தை எதிர்த்தவர்களுக்கு கர்னூல் கால்வாய் ஒரு நல்ல பிடி. தண்ணீர் கொண்டுவருவது மட்டும் போதாது, வாங்குகிறவன் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இதற்கு நியாயமான பதிலும் இருந்தது. மதுரைச் சீமைக்காரனுக்கு நெல் புதிது இல்லை. கண்மாய் இருந்தது, வாய்க்கால் இருந்தது, மடை திறக்கத் தெரிந்த நீர்க்கட்டியும் இருந்தான். இல்லாதது தண்ணீர் மட்டுமே. ஆனால் இந்த பதில் காகிதத்தில் நிற்கவில்லை. வேறு ஒன்று வந்து நிற்க வைத்தது.

1876. தாது வருடம்.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் நடந்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது பல வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1877 ஜனவரி 1-ஆம் தேதி, விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரிய தர்பார் நடத்தினார். அதற்குப் பணம் இருந்தது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் சிக்கனக் கணக்குப் போட்டார். கல் உடைக்கிறவனுக்கு! எந்த வேலை செலவழிக்கத் தகுந்தது என்று ஓர் அரசாங்கம் உண்மையில் நினைக்கிறது என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

பஞ்சம் முடிந்தபின் 1880-ல் பஞ்ச கமிஷன் அறிக்கை வந்தது. அதன் பிறகு கணக்குப் போடும் முறையிலேயே ஒரு மாற்றம் நுழைந்தது. ஒரு பாசன வேலை எவ்வளவு வட்டி கொண்டுவரும் என்பதோடு, அது இல்லாவிட்டால் அடுத்த பஞ்சத்தில் எவ்வளவு செலவாகும், எவ்வளவு உயிர் போகும் என்றும் பார்க்க வேண்டும். "பாதுகாப்பு வேலை" என்று ஒரு தனி வகையே உண்டாயிற்று. செய்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பக்கத்தில், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்தது. பல லட்சம் பேர் செத்த பிறகு வந்த ஞானம்.

பஞ்சம் நடந்தபோது பெரியாற்றுத் திட்டம் தள்ளிப்போனது உண்மை. அதே பஞ்சம்தான் பிறகு அதைத் தள்ளவே முடியாதபடி ஆக்கியது. 1882-ல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, திருத்திய மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் வந்தது. 1884-ல் அந்த மதிப்பீடு ஏற்கப்பட்டது.

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் 1849-ல் சிலியன்வாலா போரில் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அப்போது இவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. படிப்பு இங்கிலாந்தில். 1860-ல் சென்னை ராணுவ எஞ்சினியராக இந்தியாவுக்கு வந்தார். 1882-ல் பெரியாறு கைக்கு வந்தபோது 41 வயது. அணை திறந்தபோது 54. ஒரு மனிதனுடைய வேலைக்காலத்தின் நடுப்பகுதி, நல்ல பகுதி, முழுவதும் இந்த ஒரு காட்டுக்குள் போனது.

அவரிடம் இருந்த திட்டம் என்ன? கால்டுவெல் மலையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கப் பார்த்தார். புதிய திட்டம் தண்ணீரை மலை மட்டத்துக்கு ஏற்றப் பார்த்தது. இதுதான் சூட்சுமம். ஆற்றின் குறுக்கே உயரமான அணை கட்டினால் தண்ணீர் பின்னால் தேங்கி, பள்ளத்தாக்குகளில் எல்லாம் புகுந்து, தேக்கடிப் பக்கம் முகட்டுக்கு அருகிலேயே வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு வெட்டுக் கால்வாயும் ஒரு சுரங்கமும் போட்டால் போதும், தண்ணீர் தானாக இந்தப் பக்கம் விழும். சுரங்கத்தின் நீளம் 5,704 அடி, ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர். அதனால்தான் அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரைத் தமிழ்நாட்டுக்கு எடுக்கவே முடியாது. அந்தத் தண்ணீர் அடியில் நின்று மேல் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அணைத் தண்ணீரில் ஒரு பகுதி இப்படி "சும்மா" நிற்கிறது என்று குறை சொல்கிறவர்கள் இதை கவனிப்பதில்லை. ஏணியின் கீழ்ப்படி வீணா?

மண் அணை யோசனையும் கைவிடப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்த கான்கிரீட்டில், கல் முகப்பு வைத்து, ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரத்தில், தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை. அந்த மாதிரிக் காட்டாற்றில் அந்த உயரத்துக்கு இப்படி ஓர் அணை கட்டுவது அன்றைக்கு உலக அளவிலேயே துணிச்சலான காரியம்.

கட்ட வேண்டிய இடமோ திருவிதாங்கூர் ராஜ்யத்தில். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 வருடக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் வருடம் 40,000 ரூபாய். அந்த நாளில் ஆளில்லாத காட்டுக்கு வருடாவருடம் 40,000 என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் 999 வருடத்துக்கு ஒரே விலை என்று எழுதினது யார் கணக்கிலும் நியாயமாகாது. (1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். மீன்பிடி உரிமையும் கேரளாவுக்குக் கொடுக்கப்பட்டது.)

1887-ல் வேலை தொடங்கியது. மதராஸ் பயனீர் படையினரும், சமவெளிக் கிராமங்களிலிருந்து வந்த கூலிகளும், கொச்சிப் பக்கத்துத் தச்சர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். அன்றைக்கு ரயில் வந்து நின்றது அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில். அங்கிருந்து கூடலூர் வரை மாட்டு வண்டி. பிறகு மலை ஏற்றம். அதற்கு அப்புறமும் காடு. சுண்ணாம்புக்கல் கூடலூர்ப் பக்கம் கிடைத்தது, அதைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைக்கு ஏற்றினார்கள்.

வருடம் முழுவதும் வேலை செய்யவும் முடியாது. கோடையில் காய்ச்சல், முகாமே காலியாகிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம். இடையில் கிடைக்கிற மாதங்களில் ஆற்றைத் திருப்பி விட்டு அடித்தளம் போட வேண்டும். கட்டிய தற்காலிக அணைகளை வெள்ளம் ஒருமுறை அல்ல, பலமுறை அடித்துக்கொண்டு போனது. கட்டுமான காலத்தில் நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அணைக்கு வடக்கே ஒரு இடுகாட்டில் கிடக்கிறார்கள். பெரும்பாலானோர் பெயர் யாருக்கும் தெரியாது. கூலிக்கு வந்தவனிடம், "இந்த வேலை உன் உயிருக்குத் தகுந்ததா?" என்று எந்த மதிப்பீட்டிலும் யாரும் கேட்கவில்லை. 1850-ல் கூலி அதிகம் கேட்டவர்கள் ஒன்றும் பேராசைக்காரர்கள் இல்லை என்பது இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

இந்த இடத்தில் தேனி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் அணை போனதும் அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது, பென்னிகுவிக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பது அந்தக் கதை. பாடப்புத்தகம் போல எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆவணங்களைத் தேடிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். இது அரசாங்கம் பணம் போட்ட அரசாங்க வேலை. கட்டுமானத்தில் இருந்த எஞ்சினியர் மெக்கன்சி 1899-ல் திட்டத்தின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். பென்னிகுவிக்கும் 1897-ல் லண்டனில் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரத் தேவையில்லை. நகை விற்ற கதை இல்லாமலேயே அந்த மனிதர் பெரியவர்தான். இன்னும் சொல்லப்போனால், நகைக் கதை அவர் உண்மையில் கொடுத்ததை மறைத்துவிடுகிறது. சொத்தை விற்பது ஒரு நாள் முடிவு. வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடத்தில் அடுத்த சீசனுக்கு மறுபடி போய் நிற்பது வருடாவருடம் எடுக்க வேண்டிய முடிவு. கணக்கைத் திருப்பிப் போட்டு, எங்கே தப்பு என்று பார்த்து, மேலதிகாரிக்கு விளக்கம் எழுதி, "இது இன்னும் செய்யத் தகுந்த வேலைதான்" என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். வெறும் பிடிவாதம் இருந்தால் இது நடக்காது. பிடிவாதத்தோடு கர்னூல் கால்வாயையும்தான் வெட்டி முடித்தார்கள்.

அணை முடிந்தது. தண்ணீர் சுரங்கம் வழியாக வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்கு வந்தது. அங்கிருந்து பேரணை, பெரியாறு பிரதான கால்வாய், மேலூர் வரை. இன்றும் பெரியாறு கால்வாயின் இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். 1959-ல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தபின் இந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் இடம் கிடைத்தது. லோயர்கேம்பில் அதே தண்ணீர் விழும்போது மின்சாரமும் எடுக்கிறார்கள். இது 1884 மதிப்பீட்டில் யாரும் போடாத வருமானம். மூழ்கிய காட்டில் உண்டான ஏரியைச் சுற்றி இன்று பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறது. தேக்கடியில் படகுச் சவாரி போகிறவர்கள் பார்க்கும், தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்கள் அன்று மூழ்கிய காட்டின் மிச்சம். இதுவும் எந்த மதிப்பீட்டிலும் இல்லை.

ஒரு வேடிக்கை என்னவென்றால், யோசனை சொன்ன ராமநாதபுரத்துக்குத்தான் இதில் கடைசிப் பங்கு. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மீதி வந்தால் உண்டு. முத்திருளப்ப பிள்ளை இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இழப்புக் கணக்கும் 1884-ல் போட்டதைவிடப் பெரிதாகவே வளர்ந்தது. அணைக்குக் கீழே பெரியாற்றுக் கரையில் இன்று ஊர்கள் இருக்கின்றன. 1895-ல் அங்கே இவ்வளவு ஜனங்கள் இல்லை. நூறு வருடம் தாண்டிய சுண்ணாம்பு அணையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு தூங்குவது எப்படி என்று அவர்கள் கேட்பதைத் தமிழ்நாட்டில் பலர் அரசியல் என்று தள்ளிவிடுகிறார்கள். அரசியல் இருக்கலாம், பயமும் உண்மைதான். 1979-ல் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 152 அடி நீர்மட்டம் 136-ஆகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்திய பிறகு 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது, 2014 மே மாதம் அதை உறுதி செய்தது. அந்த வருடம் நவம்பரில் நீர்மட்டம் 142-ஐத் தொட்டபோது கம்பம் பள்ளத்தாக்கில் கொண்டாடினார்கள். அதே தண்ணீரை வண்டிப்பெரியாற்றில் இருந்து பார்த்தவர்கள் கொண்டாடவில்லை.

பென்னிகுவிக் 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். தேனியில் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர்கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். 2022-ல் அவர் வாழ்ந்த கேம்பர்லி நகரில் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது. அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள்.

இதே தேனி மாவட்டத்தில் இன்னொரு சுரங்கத்தின் கதை நடந்துகொண்டிருக்கிறது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம். மலைக்குள் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவி வைத்து, வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களைப் பிடிப்பது திட்டம். இந்தியாவுக்கு இது புதிய துறை அல்ல. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் அந்தத் துகள்களின் தடயத்தைக் கண்டவர்கள் நம் விஞ்ஞானிகள். முதலில் நீலகிரியில் சிங்காராவில் அமைக்க நினைத்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம் என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகு பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. மலையை வெடி வைத்து உடைத்தால் ஊற்று என்ன ஆகும், அணைக்கு ஒன்றும் ஆகாதா, காடு என்ன ஆகும் என்று மக்கள் கேட்டார்கள். கதிர்வீச்சு வரும் என்று பரப்பப்பட்ட பயத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. வானத்திலிருந்து வரும் நியூட்ரினோக்கள் இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் உடம்புக்குள் கோடிக்கணக்கில் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் தண்ணீரைப் பற்றிய பயத்தை அப்படித் தள்ள முடியாது. தாது வருடத்தைப் பார்த்த மண் அது. இந்த வேலையால் எங்களுக்கு என்ன என்று கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. 1887-ல் கூலிகளிடமும் காட்டுவாசிகளிடமும் கேட்காமல் செய்ததை 2015-ல் செய்ய முடியாது, கூடாது.

அதே சமயம் எதிர்த்தவர்கள் பயன்படுத்திய வாதங்களில் சில, கால்டுவெல் அறிக்கையின் வாசனை அடிப்பவை. துகளைப் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள், சோறு போடுமா என்பது ஒன்று. சுரங்கத்துக்குள் தண்ணீர் வரும் என்று 1808-லும் யாரும் நம்பவில்லை. விஞ்ஞானிகள் பக்கமும் தப்பு இருந்தது. ஊர் மக்களிடம் விளக்கிச் சொல்ல அவர்கள் தாமதமாகத்தான் இறங்கினார்கள், அதற்குள் பயம் வேர் பிடித்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018-ல் மத்திய அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் அது, ஆகவே அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கிடையில் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகத்தின் கட்டுமானம் அதே 2015 ஜனவரியில் தொடங்கியது. பொட்டிப்புரத்தில் தேட நினைத்த விடைகளில் முக்கியமான ஒன்றை, அதாவது மூன்று வகை நியூட்ரினோக்களின் எடை வரிசையை, வேறு வழியில் தேடும் கருவி அது. 2025 ஆகஸ்டில் அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. போடி மேற்கு மலையில் சுரங்க வேலை தொடங்கவே இல்லை.